ஊர் வரலாற்று மன்றம் நடத்துவது பற்றிக் கேட்டதும் சொன்னதும்

தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை நாலைந்து ஊர்களில் வரலாற்று மன்றம் தொடங்கும் பேச்சு நடக்கிறது. எனக்குச் சங்கப் பதிவு, கணக்கு, பைலா (சங்கத்தின் உள்விதிகள்) எழுதுவது இதெல்லாம் பழக்கம் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பாம்பனிலிருந்து: பாய், நாங்கள் பத்துப் பேர். மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறோம், பழைய இடங்களைப் போய்ப் பார்க்கிறோம். பதிவு செய்துதான் ஆக வேண்டுமா? டிரஸ்ட் போட்டால் சுலபம் என்கிறார்களே?

பேசுவதற்கும் சுற்றிப் பார்ப்பதற்கும் யாரும் பதிவு கேட்கப்போவதில்லை. மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, நன்கொடை, அரசு அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஊர்க்காரர் தரும் பொருளை வாங்கி வைப்பது, இதில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் கையெழுத்துப் போட வேண்டும், எல்லோரும் 18 வயது முடிந்தவர்களாக இருக்க வேண்டும். நோக்கங்களை எழுதிய பத்திரம் ஒன்று, பைலா ஒன்று, இரண்டையும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.

டிரஸ்ட் சுலபம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஆரம்பத்தில் பெயர் போட்டவர்கள் கையில்தான் எல்லாம் இருக்கும், ஊர்க்காரர் யாரும் ஓட்டுப் போட்டு அவர்களை மாற்ற முடியாது. ஊரின் ஆவணத்தைச் சேர்த்து வைக்கப் போகிற அமைப்பு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா, அதனால் நான் சங்கம்தான் சொல்வேன்.

தொண்டியிலிருந்து: எத்தனை பொறுப்பாளர்கள் வைக்கலாம்? கேட்பவர்கள் அதிகமாக இருக்கிறார்கள்.

கேட்பவர்கள் எப்போதும் அதிகம்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், கூட நாலு செயற்குழு உறுப்பினர் போதும். சட்டம் கேட்பது செயற்குழுவில் குறைந்தது 3 பேர். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் 3 வருடத்துக்கு மேல் பதவி நீடிக்காது, வேண்டுமானால் திரும்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மரியாதைக்காக யாரையாவது சேர்க்க வேண்டுமென்றால் புரவலர் என்று போடுங்கள், அதற்கு ஓட்டு கிடையாது என்று பைலாவிலேயே எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பொருளாளருடையது. கணவன் மனைவி, அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறவர்களாக இருக்கக் கூடாது.

கீழக்கரையிலிருந்து: காக்கா, நம்மூர் ஆட்கள் துபாயிலும் மலேசியாவிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். நேரடியாக மன்றக் கணக்குக்கு வாங்கலாமா?

இதில் கவனமாக இருங்கள் தம்பி, நல்ல மனசோடு அனுப்பின பணத்தாலேயே சங்கம் மாட்டிக்கொள்ளும். அனுப்புகிறவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறார், தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. ஆனால் அவர் மலேசியக் குடியுரிமையோ இலங்கைக் குடியுரிமையோ வாங்கிவிட்டால், வாப்பாவும் உம்மாவும் கீழக்கரையில் பிறந்தவர்களாகவே இருந்தாலும், அவர் கையில் ஓசிஐ அட்டையே (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு கேட்க சங்கத்துக்குப் பொதுவாக 3 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த 3 வருடத்தில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். புது மன்றத்துக்கு இதெல்லாம் ஆகிற காரியமா? துபாயில் இருக்கும் நம் பாஸ்போர்ட்காரர்களிடம் மட்டும் வாங்குங்கள், ரசீதோடு பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வையுங்கள். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது வீட்டில் இருக்கும் பழைய கணக்குப் புத்தகம், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் ஏடு, கப்பல் ரசீது ஏதாவது இருந்தால் ஸ்கேன் எடுக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். பணத்தைவிட அதுதான் நமக்கு வேண்டும்.

மண்டபத்திலிருந்து ஓர் ஆசிரியை: தனுஷ்கோடியில் இருந்து வந்த குடும்பங்கள் பழைய போட்டோ, ரயில் சீட்டு, கடிதம் எல்லாம் தருகிறார்கள். இப்போதைக்கு என் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். இது சரியா?

டீச்சர், எல்லோரும் தலைவர் யார் செயலாளர் யார் என்றே கேட்கிறார்கள். என் பார்வையில் வரலாற்று மன்றங்கள் உடைவது பதவியால் அல்ல, பொருளால். யாரிடம் என்ன இருக்கிறது, அது யாருக்குச் சொந்தம் என்பது எழுத்தில் இல்லாததால். இந்தக் கரையிலேயே ஒரு ஊரில் செயலாளர் வீட்டில் எல்லாம் இருந்தது, நல்ல மனிதர், பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பிள்ளைகளுக்கு எது மன்றத்துடையது எது அப்பாவுடையது என்று தெரியவில்லை. கொடுத்தவர்கள் வந்து கேட்டார்கள், இவர்கள் எங்களிடம் ஒன்றுமில்லை என்றார்கள், மிச்சம் கரையானுக்குப் போனது.

அதனால் முதல் வேலை ஒரு சேர்க்கைப் பதிவேடு. நீளமான நோட்டு போதும். வரிசை எண், என்ன பொருள், யார் கொடுத்தது, எந்தத் தேதி, எந்த நிலையில் இருக்கிறது, இப்போது எங்கே இருக்கிறது. அப்புறம் முக்கியமான ஒரு கட்டம்: நிரந்தரமாகக் கொடுத்தாரா, பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னாரா, நகல் எடுக்க மட்டும் விட்டாரா. இந்த மூன்றையும் கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்துப் பேரன் வந்து சண்டை போடுவான், அவன் பக்கம்தான் நியாயமும் இருக்கும். கொடுத்தவர் கையெழுத்து, வாங்கின இரண்டு பொறுப்பாளர் கையெழுத்து, ஒரு நகல் அவருக்கு.

தனுஷ்கோடிப் பொருளுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் எல்லாம் போன பிறகு தப்பின நாலு போட்டோவில் ஒன்றை ஒரு பாட்டி தருகிறார் என்றால் அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் எடுத்து, பின்பக்க எழுத்தையும் சேர்த்து எடுத்து, அசலை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று அவர் சொல்வதை அவர் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். போட்டோ இன்னும் இருபது வருடம் இருக்கும், சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

அசலை மன்றமே வைத்திருக்க வேண்டியது வந்தால் பூட்டு உள்ள இரும்பு அலமாரி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி. நம் உப்புக்காற்றில் ஜெம் கிளிப் சில மாதத்தில் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும், அதைக் கழற்றிவிட்டு வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். பனையோலைச் சுவடி வந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெய் தெரிந்தவரைக் கொண்டு தடவுங்கள், நீங்களே பழக வேண்டாம். வருடாந்தரப் பொதுக்குழுவில் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்த்து மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று பைலாவில் ஒரு வரி போடுங்கள். பணத்துக்கு ஆடிட்டர் வைக்கிறோம், பொருளுக்கு யாரும் வைப்பதில்லை. சங்கம் கலைந்தால் பொருள் எங்கே போகும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். மாவட்ட அருங்காட்சியகமோ, ஒரு கல்லூரி நூலகமோ, பெயர் சொல்லி.

அழகன்குளத்திலிருந்து: மழை பெய்தால் எங்கள் பக்கம் பானை ஓடு, மணி எல்லாம் மேலே வரும். பசங்க பொறுக்கி வைத்திருக்கிறார்கள். மன்றம் வைத்துக் காட்சிக்கு வைக்கலாமா? சின்னதாகத் தோண்டியும் பார்க்கலாமா?

தோண்டவே கூடாது. பதிவு செய்த சங்கமாக இருந்தாலும் அகழாய்வுக்கு உரிமம் வேண்டும், அது தொல்லியல் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கிடைக்கிற விஷயம். உங்கள் ஊரில் மாநிலத் தொல்லியல் துறை 1986-இலிருந்து பல முறை தோண்டியிருக்கிறது, ரோமானிய ஆம்போரா (மது, எண்ணெய் கொண்டுவந்த ஜாடி) ஓடும் கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்தது அப்படித்தான், மண் அடுக்கைப் பார்த்துப் பார்த்து. நாம் மண்வெட்டி போட்டால் அந்த அடுக்கு போய்விடும்.

பொறுக்கினதற்கும் சட்டம் உண்டு. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் நாட்டை விட்டுப் போகக் கூடாது, கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடம். பசங்களைத் திட்டாதீர்கள். எந்த இடம், எந்த நாள் என்று எழுத வைத்து, போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ. வழியாகவும் தொல்லியல் அலுவலருக்கும் கடிதம் கொடுத்து ஒப்படையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

பெரியபட்டினத்திலிருந்து: 14-ஆம் நூற்றாண்டு மொராக்கோ பயணி இப்னு பதூதா வந்ததாக எழுதிய பத்தன் என்கிற துறைமுகம் எங்கள் ஊர்தான் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டு மலர் வெளியிடலாம் என்கிறார்கள். இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த இரண்டு பேரை விட்டுவிடாதீர்கள். வரலாற்றைக் கை தூக்கி முடிவு செய்ய முடியாது. உங்கள் ஊரில் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, பெரிய துறைமுகமாக இருந்ததில் சந்தேகமில்லை. ஆனால் பத்தன் எது என்பதில் ஆய்வாளர்களே ஒரே முடிவுக்கு வரவில்லை. கட்டுரைக்கு எழுதியவரே பொறுப்பு என்று போட்டு, மறுப்புக் கட்டுரைக்கும் அதே மலரில் இடம் கொடுங்கள். சாதி, ஜமாஅத், கோயில் மரியாதை விவகாரங்களுக்கும் இதே வழிதான். மன்றம் ஆவணத்தை வெளியிடட்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஒருவர் ஊர் பெயர் போட வேண்டாம் என்றார்: தலைவர் இறங்க மாட்டேன் என்கிறார். ஐந்து வருடமாகப் பொதுக்குழு இல்லை, கணக்கும் தாக்கல் செய்யவில்லை.

முதலில் உறுப்பினர் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், சந்தா ரசீது இல்லாதவரை உறுப்பினர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பைலாவில் எத்தனை பேர் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்று இருக்கும், அப்படி எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில். அசையவில்லை என்றால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம், சட்டப் பிரிவு 36. அவரைப் பற்றித் தெருவில் பேசாதீர்கள், கணக்கு எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: பொதுக்குழுவை எப்போது வைத்தால் ஆட்கள் வருவார்கள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடலுக்குப் போகிறவர்கள் பலர் வீட்டில் இருப்பார்கள், பள்ளி விடுமுறைக்கு வெளியூர்க்காரர்களும் வந்திருப்பார்கள். ஏப்ரலில் கணக்கை முடித்து ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டால் மே கடைசி ஞாயிறு சாயங்காலம் வைக்கலாம். காலையில் பூசைக்குப் போவார்கள், மதியம் வெயில் தாங்காது. நோன்பு மாதம் இடித்தால் மட்டும் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.