ஒரே கதைக்குப் பல வாசல்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வெப் சீரிஸின் கதையையே காமிக்ஸாகவும் பாட்காஸ்டாகவும் தரலாமா?

பதில்: ஏற்கெனவே தெரிந்த கதைக்காக யார் இன்னொரு மணி நேரம் ஒதுக்குவார்கள்? சீரிஸில் இரண்டே காட்சியில் வந்துபோகும் ஆளை பாட்காஸ்டில் பேச விடுங்கள். முன்கதை காமிக்ஸில் வரட்டும்.

கேள்வி: அப்படியானால் முக்கியத் துப்பை கேமில் ஒளித்துவைத்தால் எல்லாரும் அங்கே வருவார்கள்தானே?

பதில்: எரிச்சல்தான் வரும். 2003-ல் 'மேட்ரிக்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் குழு இதைச் செய்து பார்த்தது. ஓர் அனிமேஷன் குறும்படத்தில் எச்சரிக்கைச் செய்தி தபால் பெட்டியில் விழும். அதை மீட்டு எடுப்பது வீடியோ கேமில். அந்தச் செய்தி கைக்கு வந்த பிறகுதான் இரண்டாம் படத்தின் கதை நகரும். மூன்றையும் தொட்டவருக்கு விருந்து. படத்தோடு நின்றவருக்கோ, கேமின் நாயகர்களான நயோபியும் கோஸ்ட்டும் எங்கிருந்தோ திடீரென முளைத்தவர்கள். ஆகவே, துணைப் படைப்பைத் தொடாதவருக்கும் கதை முழுசாகப் புரிய வேண்டும். தொட்டவருக்குக் கூடுதலாக ஒரு ருசி, அவ்வளவுதான். (அந்தக் குறும்படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வேறு விஷயம்.)

கேள்வி: எல்லாத் தளத்திலும் ஒரே நாளில் இறங்கலாமா?

பதில்: வேண்டாம். போக்கிமான் கேம் ஜப்பானில் வந்தது 1996 பிப்ரவரி. டிவி தொடர் 1997 ஏப்ரல். அந்த கேமை சிவப்பு, பச்சை என இரண்டாக விற்றார்கள். ஒன்றில் கிடைக்கும் சில பிராணிகள் மற்றதில் கிடைக்காது. இரண்டு கேம் கருவிகளைக் கேபிளால் இணைத்து நண்பரோடு மாற்றிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தை விட அந்தக் கேபிள் அதிகம் வேலை செய்திருக்கும் என்பேன். முதலில் ஒரு தளத்தில் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், அப்புறம் அடுத்தது.

கேள்வி: ரசிகர்கள் எழுதும் கதைகளைத் தடுக்கலாமா?

பதில்: ஆசைக்கு எழுதுபவரை விட்டுவிடுங்கள். உங்கள் பெயரில் பொருள் விற்பவரிடம் மட்டும் வக்கீல் பேசட்டும்.

கேள்வி: எங்கள் பழைய நாவல்கள் புதிய படத்தோடு முரண்படுகின்றன.

பதில்: ஸ்டார் வார்ஸ் படங்களுக்கே இது நடந்தது. 2014 ஏப்ரலில் பழைய நாவல்கள், காமிக்ஸ்களை 'லெஜண்ட்ஸ்' என்று தனியாக ஒதுக்கினார்கள். வருடக்கணக்காகப் படித்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் புத்தகங்கள் கடையில் தொடர்ந்தன. நீங்களும் அழிக்காதீர்கள், பிரித்து வையுங்கள். இனி முரண் வராமலிருக்க, கதையில் யார் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்ற குறிப்பேட்டை இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: லைக் எண்ணிக்கையை நம்பலாமா?

பதில்: லைக் ஒரு விரல் அசைவு. காமிக்ஸ் வழியாக வந்தவர் எத்தனை பேர் சீரிஸின் மூன்றாம் பகுதி வரை பார்த்தார்கள் என்று எண்ணுங்கள்.