ஆண்ட்ரோமேடா ஃபிரேமுக்குள் அடங்குமா? பார்வைப் புலக் கேள்வி பதில்

முரளி: குவியத் தூரம் 400 மி.மீ. உள்ள ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), ஏபிஎஸ்-சி கேமரா. ஆண்ட்ரோமேடா காலக்ஸி முழுசா அடங்குமா சார்?

அடங்கும். சென்சார் அளவை 57.3-ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், வானத்தில் எத்தனை டிகிரி அடங்கும் என்பது வரும். ஏபிஎஸ்-சியின் 23.5 × 15.7 மி.மீ. சென்சாருக்கு 3.37 × 2.25 டிகிரி. ஆண்ட்ரோமேடா ஏறத்தாழ 3 × 1 டிகிரி. நீளவாக்கில் வைத்தால் ஓரம் மிகக் குறைவு. டிதரிங் செய்து (படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சிறிது நகர்த்தி) ஸ்டாக் பண்ணும்போது (படங்களை ஒன்றாக அடுக்கும்போது) அதுவும் வெட்டுப்படும். கேமராவைச் சுழற்றி மூலைவிட்டத்தில் வையுங்கள், அங்கே 4 டிகிரி இருக்கிறது. ஐந்து விநாடி எக்ஸ்போஷர் எடுத்துப் பார்த்துத் திருகை இறுக்குங்கள். ஃபிளாட்டை (தூசி நிழலைத் திருத்த எடுக்கும் சீரான ஒளிப் படத்தை) அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். முன்பே எடுத்ததில் தூசி வேறு இடத்தில் இருக்கும்.

ஷர்மிளா: அதே சென்சார், எட்டு அங்குல எஸ்சிடி (ஷ்மிட்-காசிகிரெயின் தொலைநோக்கி), குவியத் தூரம் 2032 மி.மீ.?

40 × 27 ஆர்க்மினிட்தான் (60 ஆர்க்மினிட் ஒரு டிகிரி). ஒரியன் நெபுலா ஒரு டிகிரிக்கு மேல், அடங்காது. எம் 51 காலக்ஸிக்கு அருமையான புலம். 0.63 ரெடியூசர் (குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ்) போட்டால் 1280 மி.மீ., 1.05 × 0.70 டிகிரி. ஆனால் குழாயில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். எஸ்சிடியில் ஃபோகஸ் செய்யும்போது முதன்மை ஆடியே நகரும், குவியத் தூரமும் மாறும். ரெடியூசருக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி மாறினாலும் அப்படியே. ஒரு படம் எடுத்து ஆஸ்டாப் மென்பொருளில் பிளேட் சால்வ் செய்து (படத்தின் நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு) உண்மை எண்ணை எடுங்கள்.

கணேஷ்: தொலைநோக்கியோட விட்டம் பெரிசா இருந்தா புலமும் விரியுமா?

விரியாது. குவியத் தூரமும் சென்சாரும் மட்டும்தான் கணக்கு.

பாலா: 200 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி மாதிரி கிராப் சென்சாரில் 300 ஆயிடுமே? நீங்க 1.5 பெருக்கவே இல்லையே.

பெருக்கக் கூடாது. சென்சாரின் நிஜ அளவைப் போட்டபோதே கிராப் கணக்கில் வந்துவிட்டது. மறுபடி பெருக்கினால் புலம் மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரும். 200 மி.மீ. லென்ஸ் ஆண்ட்ரோமேடாவைச் சுமார் 10.5 மி.மீ. நீளத்துக்கு விழவைக்கும், பின்னால் எந்த சென்சார் இருந்தாலும்.

பாலா: ஆனா கிராப்பில் பெரிசாத்தானே தெரியுது?

ஷர்மிளா: எனக்கும் அப்படித்தான் தெரியுது.

அது பிக்சல் அளவின் வேலை. 206.3-ஐப் பிக்சல் அளவால் (மைக்ரான்) பெருக்கிக் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுங்கள். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் (36 × 24 மி.மீ. சென்சார்) பிக்சல் 6 மைக்ரான், ஒரு பிக்சலுக்கு 6.2 ஆர்க்செகண்ட் (60 ஆர்க்செகண்ட் ஒரு ஆர்க்மினிட்). அதே 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் 3.9 மைக்ரான், 4.0 ஆர்க்செகண்ட். அதே காலக்ஸியின் மேல் அதிகப் பிக்சல் விழுகிறது, அதனால் திரையில் பெரிதாகத் தெரிகிறது. குவியத் தூரம் 200 தான்.

தினேஷ்: ஒரு அங்குல சென்சாருக்கு 25.4 போடலாமா?

கூடாது. அது பழைய வீடியோ குழாய் அளவிலிருந்து வந்த பெயர். நிஜத்தில் 13.2 × 8.8 மி.மீ.

ராஜி: 135 மி.மீ., ஃபுல் ஃபிரேம்?

15.3 × 10.2 டிகிரி.

சுரேஷ்: 250 மி.மீ., ஏபிஎஸ்-சி எவ்வளவு வரும்?

முதல் பதிலில் 400 இருக்கும் இடத்தில் 250 போடுங்கள்.

அருள்: 300 மி.மீ.க்கு?

அதேதான். கணக்கே வேண்டாமென்றால் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் ஆக்குலர்ஸ் பகுதியில் சென்சார் அளவையும், பிளேட் சால்வில் வந்த குவியத் தூரத்தையும் கொடுங்கள். செவ்வகத்தை வானத்தின் மேலேயே வரைந்து காட்டும், சுழற்றியும் பார்க்கலாம்.