கட்டெறும்புகள் புது வீட்டுக்குள் போக மறுத்தால்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜூன் மழைக்கு மறுநாள் மொட்டைமாடியில் இறக்கை உதிர்ந்த கட்டெறும்பு ராணி ஒன்றை என் மகள் பிடித்தாள். சோதனைக்குழாயில் வைத்து வளர்த்தோம். இப்போது 14 வேலைக்கார எறும்புகள் இருக்கின்றன. ஆசையாக ஒரு அக்ரிலிக் கூடு வாங்கி, நாலு நாளைக்கு முன் குழாயோடு இணைத்தோம். ஒன்றிரண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. குழாயைத் தட்டி எல்லாவற்றையும் கூட்டுக்குள் கொட்டிவிடலாமா? குழாயின் அடியில் பஞ்சுக்குப் பின்னால் தேக்கியிருக்கும் தண்ணீர் வேறு பழுப்பாகிவிட்டது."

கொட்டவேண்டாம். ஆரம்ப காலத்தில் நானும் பொறுமையில்லாமல் அப்படிக் கொட்டியிருக்கிறேன். ராணி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. வேலைக்கார எறும்புகள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வைக்க இடம் தெரியாமல் விடியவிடிய அலைந்தன. மூன்றாம் நாள் பார்த்தால் முட்டைக் கொத்தையே காணோம். பயந்துபோன எறும்புக் குடும்பம் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். அந்தக் குடும்பம் தேற நாலு மாதம் ஆயிற்று.

உங்கள் ராணியின் பக்கமிருந்து பாருங்கள். அந்தக் குழாய்க்குள் அடைந்து, இரையே இல்லாமல், பயனற்றுப்போன தன் இறக்கைத் தசைகளைக் கரைத்து முதல் குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறது. குழாய்க் கண்ணாடி முழுக்க அவற்றின் வாசம்தான். இருட்டு, ஈரம், இறுக்கமான இடம் எல்லாம் அங்கே இருக்கிறது. புதுக் கூடு வெளிச்சமாக, காய்ந்து, பசை வாசத்தோடு, 14 பேருக்கு அரண்மனைபோலப் பெரிதாக இருக்கிறது. அவை ஏன் போகவேண்டும்?

ஆகவே கூட்டைக் குழாயைவிட நல்ல இடமாக மாற்றுவதுதான் உங்கள் வேலை. புது அக்ரிலிக் கூட்டைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் சில நாள் காற்றாட வைப்பது நல்லது. இணைத்துவிட்டதால் இப்போது கழற்றிக் கழுவ வேண்டாம், போகட்டும். கூட்டில் நிறைய அறைகள் இருந்தால் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போகும் வழியைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். ஈரத்துக்கு ஸ்பாஞ்சோ பிளாஸ்டரோ வைத்திருப்பார்கள். அதில் சொட்டுமருந்துக் குழாயால் சில சொட்டு விடுங்கள். கூட்டின் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருக்கவேண்டும். புழுவை எங்கே வைப்பது, கூட்டுப்புழுவை எங்கே வைப்பது என்று அவையே பார்த்துக்கொள்ளும். கண்ணாடியில் நீர் முத்து முத்தாகக் கோத்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம் வெளிச்சம். கூட்டைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவிட்டு, குழாயின் மேல் சுற்றியிருப்பதை நாளுக்குக் கொஞ்சமாக விலக்குங்கள். அறை வெளிச்சமே போதும். கண்ணாடிக்குழாய் வெயிலில் சில நிமிடம் இருந்தாலே உள்ளே வெந்துவிடும். மேசைவிளக்கை நெருக்கிப் பிடித்தாலும் ஆபத்துதான். மகள் பார்க்க ஆசைப்பட்டால் கறுப்புக் காகிதத்துக்குப் பதில் சிவப்பு செல்லோபேன் ஒட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் லப்பாக் என்ற வங்கியாளர் எறும்புக் கூடுகளின் மேல் பல நிறக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். எறும்புகள் சிவப்புக் கண்ணாடியின் அடியில் இருட்டுபோல எண்ணிக் கூடின. நம் கண்ணுக்கு அதைவிட இருட்டாகத் தெரிந்த ஊதாவின் அடியிலிருந்து விலகி ஓடின. எறும்பு வளர்ப்பவர்கள் இன்றும் சிவப்புத் தாளை நம்புவதற்கு இதுதான் காரணம்.

பழுப்புத் தண்ணீருக்குப் பயப்படாதீர்கள். பஞ்சில் ஈரம் இருக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. பூஞ்சை பரவினாலோ தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தாலோ கூட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். கூட்டைக் கழற்றிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் பஞ்சும் வைத்த புதுக் குழாயைப் பழைய குழாயோடு வாய்க்கு வாய் ஒட்டி, புதியதை மட்டும் கறுப்புக் காகிதத்தால் மூடிவையுங்கள். உண்மையில் 14 எறும்புக்கு இதுதான் என் முதல் யோசனை. 30, 40 ஆனபிறகு கூடு கொடுத்தால் அவையே துணிச்சலாக இறங்கும். முதல் தலைமுறை வேலைக்கார எறும்புகள் உருவிலும் சிறியவை, கூச்சமும் அதிகம்.

அவை இடம்மாறக் காத்திருக்கும் பத்துப் பதினைந்து நாளில் தினமும் மூடியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். மிக்ஸி ஓடும் மேடை, ஃபிரிட்ஜின் தலை இரண்டும் வேண்டாம். அதிர்வு அவற்றைக் கலங்கடிக்கும். சர்க்கரைத் தண்ணீர் ஒரு துளி, புழுக்களுக்காகச் சிறு பூச்சி ஒன்று, வாரம் இரண்டு முறை. கரப்பான்கால் கொடுப்பதானால் வெந்நீரில் முக்கி எடுத்துக் கொடுங்கள், ஒட்டுண்ணி செத்துவிடும். மருந்தடித்துச் செத்த கரப்பான் மட்டும் கூடவே கூடாது. மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் எறும்பு வளர்ப்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது கொசுமருந்து விஷயத்தில்தான். கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் திரவம், எறும்புச் சாக்பீஸ் இவற்றில் பெரும்பாலும் இருப்பது பூச்சியைக் கொல்லும் ஒரே குடும்பத்து நஞ்சு. கூடு இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த எதிரி வீட்டிலேயே திரியும் குட்டிச் சிவப்பெறும்பு. சர்க்கரை வாசம் பிடித்து இரவோடிரவாக உள்ளே புகுந்தால், காலையில் உங்கள் ராணி துண்டுதுண்டாகத்தான் கிடக்கும். பலகாரத் தூக்கைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே பாட்டி வைப்பாரே, அதேபோலக் கூட்டையும் வையுங்கள். தாம்பாளத்தில் தண்ணீர் வற்ற விடாதீர்கள்.

இடம்பெயர்வு பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும். என் மேசையில் ஒரு குடும்பம் 11 நாள் அசையாமல் இருந்தது. 12ஆம் நாள் இரவு ஒரு எறும்பு கூட்டுக்குள் போய், ஒவ்வொரு மூலையையும் உணர்கொம்பால் தட்டிப் பார்த்தது. குழாய்க்குத் திரும்பி இன்னொன்றின் முகத்துக்கு எதிரே நின்று தலையை வெடுக்கென ஆட்டியது. அரைமணி கழித்து அரிசிமணிபோல் ஒரு கூட்டுப்புழு குழாய் வாசலைத் தாண்டியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. கடைசியாகத்தான் ராணி, கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு.

அப்படி நடந்த மறுநாளே குழாயைக் கழற்றாதீர்கள். ஒரு வாரம் விட்டுவையுங்கள், சிலவேளை மனம் மாறித் திரும்பும். கழற்றும்போது டார்ச் அடித்துப் பஞ்சின் மடிப்புகளை ஒருமுறை பாருங்கள். முட்டைக் கொத்து ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம்.