சாக்ஸ் நிறையணுமா, புள்ள நல்லா இருக்கணுமா?

கேள்வி: பேரனுக்கு ஒண்ணே முக்கால் வயசு. மகனும் மருமகளும் ஓசூர்ல இருக்காங்க, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வராங்க. வெளிநாட்டுல மாதிரி சுவத்துல பெரிய சாக்ஸ் தொங்கவிட்டு உள்ள குட்டி குட்டி கிப்டா நிறைய போடணும்னு மருமகளுக்கு ஆசை. அதுக்குன்னே 40 பீஸ் இருக்கற பாக்கெட் ஒண்ணு ஆன்லைன்ல பாத்து கார்ட்ல போட்டு வச்சிருக்கேன், ரேட்டும் கம்மிதான். வாங்கலாமா?
(ஒரு தாத்தா, எலத்தகிரி)

பதில்: வேணாங்க ஐயா. முதல்ல கார்ட்லேருந்து அதைத் தூக்கிட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

40 பீஸ் ஒரு சாக்ஸுக்குள்ள அடங்குதுன்னா ஒவ்வொண்ணும் என்ன சைஸ்ல இருக்கும்? அவ்ளோ சின்னதா இருக்கறது எல்லாமே உங்க பேரன் வாய்க்குள்ளயும் அடங்கும், அவன் வயசுல எதைக் குடுத்தாலும் முதல்ல வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் கையில வச்சு விளையாடுவான். மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க பொம்மைக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 31.7 மில்லிமீட்டர் வாய் உள்ள ஒரு குட்டி உருளை, பொம்மையோ அதுலேருந்து கழண்டு வர்ற துண்டோ அதுக்குள்ள முழுசா அடங்கிட்டா ஃபெயில். பத்து ரூபா காயினே 27 மில்லிமீட்டர்னா பாத்துக்கோங்க. வீட்டுல அந்த உருளைக்கு எங்க போறது, கிச்சன் டிஷ்யூ ரோல் தீந்ததும் ஒரு அட்டைக்குழாய் மிஞ்சும்ல, அதை எடுத்து வச்சுக்கோங்க. அது இன்னும் கொஞ்சம் அகலம், அதனால அதுக்குள்ள நுழையற எதுவுமே சாக்ஸுக்குள்ள போகக் கூடாதுன்னு வச்சுக்கிட்டா இன்னும் நல்லதுதான். பந்து மட்டும் அதைவிடப் பெரிசா பாருங்க, எலுமிச்சம்பழ சைஸ் எல்லாம் வேண்டவே வேணாம்.

இதுல எனக்கு ரொம்பப் பயம் பட்டன் பேட்டரிதான். பண்டிகை சமயத்துல சர்ச் வாசல்ல தள்ளுவண்டியில விக்கறாங்களே லைட் எரியற மோதிரம், மினுக்குற தொப்பி, அப்புறம் தொறந்தா பாட்டுப் பாடற வாழ்த்து அட்டை, இது எல்லாத்துலயும் பெரும்பாலும் அந்த வட்ட பேட்டரிதான் இருக்கும், மூடிக்கு ஒரு ஸ்க்ரூ கூட இருக்காது. 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி சின்னக் குழந்தையோட உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா 2 மணி நேரத்துலயே உள்ள வெந்து புண்ணாக ஆரம்பிச்சுடும், வெளிய பாத்தா எச்சில் ஒழுகும், சாப்பிட மாட்டான், இருமுவான், நாம சளின்னு நெனச்சு விட்டுடுவோம். முழுங்கியிருப்பானோன்னு சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நம்ம பக்கம் காசை முழுங்கினா வாழைப்பழம் ஊட்டுவாங்க பாருங்க, அந்த வேலை இதுக்கு ஆகாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. குட்டி காந்தமும் இதே ரகந்தான், ரெண்டு காந்தம் உள்ள போச்சுன்னா குடலை நடுவுல வச்சு ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். தண்ணியில ஊதற கலர் முத்து, ரப்பர் பலூன், கடலை மிட்டாய், குட்டி கப் ஜெல்லி, எதுவும் வேணாம்.

அப்போ என்னதான் போடறதுன்னு கேப்பீங்க. சாக்ஸ் வழக்கத்துக்கு ஒரு கதை சொல்லுவாங்க, நாலாம் நூத்தாண்டுல இப்போதைய துருக்கிப் பக்கம் மைரா ஊர்ல ஆயரா இருந்த புனித நிக்கோலாஸ், கல்யாணம் பண்ணிக் குடுக்க வழியில்லாத ஒரு அப்பாவோட மூணு பொண்ணுங்களுக்காக ராத்திரியில தங்கத்தை வீட்டுக்குள்ள போட்டாராம், அது காயப் போட்டிருந்த காலுறைக்குள்ள விழுந்துச்சாம். அந்தத் தங்கத்துக்குப் பதிலாத்தான் வெளிநாட்டுல சாக்ஸ் நுனியில ஒரு ஆரஞ்சுப் பழம் வைப்பாங்க. டிசம்பர்ல நம்ம ஊர் சந்தையிலயே கமலா ஆரஞ்சு கெடைக்கும், அதை நுனியில போடுங்க, குடுக்கும்போது கொட்டையும் தோலும் எடுத்து சின்னதா பிச்சுக் குடுங்க, முழுச் சுளையா வாயில வைக்காதீங்க.

அதுக்கு மேல ஒரு எவர்சில்வர் குட்டி டம்ளர், பாத்திரக்கடையில பையன் பேரை வெட்டி வாங்கிடுங்க. இதுதான் என் முதல் சாய்ஸ், தட்டி சத்தம் போடுவான், தண்ணி ஊத்தி ஊத்தி விளையாடுவான், அவன் பத்தாவது படிக்கும்போதும் அந்த டம்ளர் வீட்டுல இருக்கும். அப்புறம் கெட்டி அட்டையில ஒரு படப் புத்தகம், மார்கழிக் குளிருக்கு ஒரு குல்லா. பொம்மை இல்லாம எப்படின்னு மருமக கேட்டா மகனை பெங்களூர் தாண்டி மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னப்பட்டணத்துலேருந்து (நம்ம சென்னை இல்ல, கர்நாடகாவுல இருக்கற ஊர்) ஒரு மர வண்டி வாங்கி வரச் சொல்லுங்க, சக்கரத்தை இழுத்துப் பாத்து, கழண்டு வரலைன்னா வாங்கலாம். மத்தபடி கடைப் பொம்மைன்னா 2021 ஜனவரிலேருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அட்டையில இருக்கற லைசென்ஸ் நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடும். சென்னப்பட்டணம் மாதிரி புவிசார் குறியீடு வாங்கின கைவினைப் பொம்மைக்கு அதுல விலக்கு இருக்கு, அதனால முத்திரை இல்லைன்னு அதை மட்டும் ஒதுக்க வேணாம்.

நாலு சாமான்ல சாக்ஸ் நிறையாது, போட்டோவுல தொளதொளன்னு தெரியும்னு மருமக சொல்லும். அடியில ஒரு துண்டைச் சுருட்டி வச்சிடுங்க, போட்டோவுக்கு அது போதும். ஒண்ணே முக்கால் வயசுப் பையன் எண்ணிப் பாக்க மாட்டான், சொல்லப் போனா உள்ள இருக்கறதை எல்லாம் கீழ கொட்டிட்டு சாக்ஸைத்தான் தலையில மாட்டிக்கிட்டு சுத்துவான்.

இன்னொண்ணு, நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். வீட்டுல குடில் வைப்பீங்கல்ல, அதுல இருக்கற ஆட்டுக்குட்டியையும் அந்த அட்டைக்குழாய்க்குள்ள போட்டுப் பாருங்க. நுழைஞ்சுதுன்னா குடிலை இந்த வருஷம் அலமாரி மேல வச்சிடுங்க. தொங்கவிடறதுக்கு முன்னாடி சாக்ஸ்ல குத்தியிருக்கற விலைச்சீட்டு பின்னையும் பிடுங்கிடுங்க.