பணம் வாங்கியவர் விலை ஏறியதும் பின்வாங்கினால்

உங்கள் நண்பர் நியூயார்க்கில் வைரங்களுக்கு முழுப் பணம் கொடுத்தும், அவற்றை எடுத்துக்கொள்ளும் முன் விலை ஏறியதால் விற்பவர் பின்வாங்குகிறார், யூதச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பணம் கொடுத்ததால் மட்டும் அந்த வைரங்கள் யூதச் சட்டப்படி உங்கள் நண்பருடையவை ஆகிவிடாது. அசையும் பொருளை வாங்குபவர் தன் கைவசம் எடுத்துக்கொண்டால்தான் உரிமை மாறும். பணத்தைத் திருப்பித் தந்து விற்பவர் விலகலாம். ஆனால் 'மி ஷெபாரா' என்ற சாபத்துக்கு ஆளாவார்: நோவா காலத்துப் பிரளயத் தலைமுறையைத் தண்டித்த கடவுள், வாக்குத் தவறுபவரையும் தண்டிப்பார். இது யூதச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது, லேசான விஷயமே இல்லை.

ஏன் இப்படி? பணத்தோடு உரிமை மாறினால், தன்னிடமே இருக்கும் பொருளைக் காப்பாற்றாமல் 'உன் கோதுமை மாடியில் எரிந்துபோச்சு' என்று விற்பவர் கைகழுவிவிடுவாரே என்ற பயம்தான் என்கிறது மிஷ்னாவை விளக்கும் நூலான தால்முத்.

ஆனால் நியூயார்க் வைரச் சந்தை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இருவரும் கைகுலுக்கி 'மசல் உப்ராகா' (அதிர்ஷ்டமும் ஆசியும்; வைர வியாபாரிகள் பேரத்தை முடிக்கச் சொல்வது) சொன்னார்களா? சொல்லியிருந்தால் வியாபாரம் முடிந்தது. வணிகர் வழக்கமே உரிமையை மாற்றும் என்பது 'சித்தும்தா' விதி. எனக்கு இதுதான் உங்கள் நண்பரின் வலுவான வாதமாகத் தெரிகிறது.

பெய்த் தின், அதாவது யூத மத நீதிமன்றம், போனால் மத்தியஸ்த ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம். அதில் 'பெஷாரா', அதாவது சமரசம், என்று இருந்தால் தீர்ப்பு கறாரான சட்டப்படி வராமல் போகலாம். அப்புறம் அரசு நீதிமன்றத்தில் அதை மாற்றுவதும் மிகக் கடினம்.