பூஞ்சை கொழுத்தால் பெனிசிலின் ஏன் குறைகிறது?

கேள்வி: ஆய்வகக் குடுவையில் பெனிசிலியம் பூஞ்சையை வளர்த்து வருகிறோம். குளுக்கோஸின் அளவைக் கூட்டியதும் பூஞ்சை செழித்து வளர்ந்தது. பெனிசிலினோ முன்னைவிடக் குறைந்துவிட்டது. உணவு கூடினால் மருந்தும் கூட வேண்டாமா?
– நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர்

பதில்: அப்படிக் கூடுவதில்லை. பெனிசிலின் பூஞ்சையின் வளர்ச்சிக்குத் தேவையான பொருளன்று. வளர்ச்சி வேகம் தணிந்த பிறகே அது மிகுதியாகச் சுரக்கிறது. குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்வரை, பெனிசிலினை உருவாக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்கள் அடங்கியே கிடக்கும். 1941-இல் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் ஆண்ட்ரூ மோயர் பால் சர்க்கரையான லாக்டோஸையும், மக்காச்சோள மாவுச்சத்து ஆலைகளில் மிஞ்சும் ஊறல் நீரின் செறிவையும் பூஞ்சை வளரும் ஊட்டக் கரைசலான ஊடகத்தில் சேர்த்தபோது விளைச்சல் பன்மடங்கு உயர்ந்தது. லாக்டோஸைப் பூஞ்சையால் மெதுவாகத்தான் உடைத்து உண்ண முடியும் என்பதால், அது பட்டினியும் கிடக்காமல் வயிறு முட்டவும் உண்ணாமல் நெடுநாள் மருந்தைச் சுரந்துகொண்டிருந்தது.

இன்றைய ஆலைகள் லாக்டோஸை நம்பியிருப்பதில்லை. விலை மலிவான குளுக்கோஸையே, பூஞ்சை வளர்ந்து முடிந்த பிறகு, உண்ணும் வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் கலனுக்குள் செலுத்துகின்றன. கார அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவே இதற்கு நல்ல அறிகுறி: சர்க்கரை மிஞ்சினால் அமிலம் சேர்ந்து பி.எச். இறங்கும், சர்க்கரை தீர்ந்தால் ஏறும். அது 6.5-ஐ ஒட்டி நிற்கும்படி ஊட்டத்தைச் சரிசெய்வது பழைய முறைதான் என்றாலும், விலையுயர்ந்த கருவி இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஊட்டம் மிகுந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. இழைகள் பெருகிப் பின்னிக்கொள்வதால் திரவம் கூழாகக் கெட்டிப்பட்டு, எவ்வளவு கலக்கினாலும் காற்று உள்ளே சரிவரப் பரவாது. ஆக்ஸிஜன் கிடைக்காத பூஞ்சையிடம் பெனிசிலினை எதிர்பார்க்க முடியாது. உங்கள் குடுவையை ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். திரவம் தயங்கித் தயங்கி ஓடினால், குற்றம் சர்க்கரையோடு மட்டும் நிற்கவில்லை என்று கொள்ளலாம்.

கேள்வி: பெனிசிலின் வகைகளுள் ஒன்றான பெனிசிலின் ஜி-க்கு வேண்டிய பீனைல் அசெட்டிக் அமிலத்தைத் தொடக்கத்திலேயே மொத்தமாகச் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பெனிசிலின் ஜி மூலக்கூற்றின் பக்கச் சங்கிலி அந்த அமிலத்திலிருந்தே வருகிறது என்றாலும், அளவு மிஞ்சினால் அது பூஞ்சைக்கு நஞ்சு. அமிலத்தன்மை கூடிய ஊடகத்தில் இன்னும் கொடியது. மருந்து உருவாகத் தொடங்கிய பின், செலவாகும் அளவுக்கு மட்டும் பகுதி பகுதியாகச் சேர்த்து வாருங்கள். குடுவையில் தொடர்ந்து ஊட்ட வசதி இல்லையென்றால், குளுக்கோஸைத் தொடக்க வளர்ச்சிக்குப் போதுமான அளவோடு நிறுத்தி, மீதிக்கு லாக்டோஸைச் சேர்த்துப் பாருங்கள்.