பேய்க்கதையில் இவ்வளவு பேச்சு எதற்கு?

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் 'மிட்நைட் மாஸ்' என்ற நெட்ஃபிளிக்ஸ் பேய்த்தொடரைப் பார்த்தேன். நாலாவது எபிசோடில் ரைலியும் எரினும் சோபாவில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பொறுமை இல்லாமல் ஓட்டிவிட்டேன். பயமுறுத்த வந்த கதையில் பிரசங்கம் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஓட்டிவிட்ட இடத்தைத்தான் நான் மூன்று தடவை பார்த்தேன். (தொடரைப் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.)

ரைலி குடித்துவிட்டு கார் ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றவன். நான்கு வருடம் சிறையில் இருந்துவிட்டு, 127 பேர் வாழும் தீவுக்குத் திரும்பியிருக்கிறான். சாமி நம்பிக்கை போய்விட்டது. எரினின் வயிற்றில் இருந்த குழந்தை தடயமே இல்லாமல் மறைந்துவிட்டது. செத்தால் என்ன ஆகும் என்று இவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

ரைலி தன் சாவைச் சொல்கிறான். மூளை கடைசியாகக் கனவுகளைக் கொட்டித் தீர்க்கும், அப்புறம் ஒன்றுமில்லை. உடம்பு நுண்ணுயிர்களுக்குப் போகும், செடி கொடியில் கலக்கும். உனக்கு என்று எரினைக் கேட்டால், அவள் குழந்தையைப் பற்றிப் பேசுகிறாள். அது கண் விழித்ததே இல்லை, கனவு மட்டும்தான் கண்டது, அதற்குப் பெயர்கூட இல்லை. இப்போது அது தனியாக இல்லை, அதை நேசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சொர்க்கம் என்றால் அவளுக்கு அவ்வளவுதான். தன்னுடைய சாவு என்ன என்ற கேள்வியை அவள் அங்கே அப்படியே விட்டுவிடுகிறாள்.

அது கடைசி எபிசோடில் திரும்ப வருகிறது. தீவுக்கு வந்து சேர்ந்த இறக்கை முளைத்த ரத்தக்காட்டேரி ஜந்து அவள் கழுத்தில் வாய் வைத்து ரத்தம் குடிக்கிறது. அவள் கையில் கத்தி; அதன் இறக்கையை மெல்ல மெல்லக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். நினைவில் ரைலி மறுபடி கேட்கிறான். இந்தத் தடவை அவள் தனக்காகப் பதில் சொல்கிறாள். 'நான்' என்ற சொல்லில்தான் கோளாறே என்று ஆரம்பித்து, உயிரணு, அணு, ஆற்றல் என்று போகிறாள். எல்லாம் ரைலி பேசிய பாஷை. அவனும் ரத்தக்காட்டேரியாக மாறி, சூரிய உதயத்தில், படகில், அவள் கண்முன்னே எரிந்து போய் இரண்டு எபிசோட் ஆகிவிட்டது. ஆனால் கடவுளையும் அவள் கைவிடவில்லை. செத்தவனின் சொல்லும் அவளுடைய நம்பிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன.

சோபாக் காட்சியை ஓட்டிவிட்டவருக்கு இது வெறும் நீளமான வசனமாகத்தான் படும். தொடரை எடுத்த மைக் ஃபிளனகன் சிறுவயதில் பீடச்சிறுவனாக (பூசையில் பாதிரியாருக்கு உதவும் பையன்) இருந்தவர், பின்னாளில் குடியை விட்டவர். இரண்டு பேருடைய பேச்சும் அவருக்குள்ளிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீவின் தேவாலயத்தை ஆட்டிவைக்கும் பக்தை பெவ் கீனின் பேச்சு நீளம் என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். அவள் பைபிள் வசனம் சொல்வதே எதிரில் நிற்பவரின் வாயை அடைக்கத்தான். எரினும் ரைலியும் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கிறார்கள். நாலாவது எபிசோடை இன்னொரு தடவை போடுங்கள், ஓட்டாமல்.